காலப் படிகம்

உப்புக்கல் ஒன்றினுள் நுண்துகள்கள் ஒரே ஒழுங்கில் மீண்டும் மீண்டும் அடுக்கப்பட்டுள்ளன. இவ்வாறு அமைந்த பொருளைப் படிகம் என்கிறோம். இடத்தில் காணப்படும் இந்த ஒழுங்கு காலத்திலும் அமையுமா?

நோபெல் பரிசு பெற்ற அமெரிக்க இயற்பியலாளர் ஃபிராங்க் வில்செக் 2012ஆம் ஆண்டில் இக்கேள்வியை எழுப்பினார். ஆற்றல் மிகக் குறைந்த நிலையில் இருக்கும் பொருளும் கடிகாரத்தைப் போலச் சீராக மாறிக்கொண்டே இருக்கலாம் என அவர் கருதினார். அதற்குக் ‘காலப் படிகம்’ எனப் பெயரிட்டார்.

அவர் கூறியது நடவாது என 2015இல் வாத்தனபே, ஓஷிகாவா என்னும் ஜப்பானிய அறிஞர்கள் கணித முறையில் நிறுவினர். ஆயினும், அவர்களது முடிவு வெளித்தூண்டல் இன்றிச் சமநிலையில் இருக்கும் பொருள்களுக்கே பொருந்தும். எனவே, பொருளைத் தூண்டிப் பார்த்தால் என்ன என்று ஆய்வாளர்கள் எண்ணினர்.

மேரிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வுக்குழு, மின்னேற்றம் பெற்ற 10 இட்டர்பியம் அணுக்களை வரிசையாக நிறுத்தி, லேசர் ஒளியால் சீரான இடைவெளியில் தூண்டியது. ஒவ்வொரு தூண்டலிலும் அணுக்களின் நிலை தலைகீழானது. இரண்டு தூண்டல்களுக்கு ஒருமுறை அவை பழைய நிலைக்குத் திரும்பின. தூண்டலில் சிறு பிழையைப் புகுத்தியபோதும் அந்தத் தாளம் மாறவில்லை. இம்முடிவு 2017இல் வெளியிடப்பட்டது.

வில்செக் முதலில் எண்ணிய படிகம் இன்றுவரை உருவாகவில்லை. எனினும், அவரது கருத்தும் அதற்கு எழுந்த மறுப்பும் சேர்ந்தே இப்புதிய கண்டுபிடிப்புக்கு வழிகாட்டின.