கச்சான் காலம்: கோழிக்கூட்டின் மேற்குப் பக்கத்தைக் கவனியுங்கள்

கரடியனாறு மற்றும் செங்கலடி–பதுளை வீதியோரக் கிராமங்களில் கோழி வளர்ப்போருக்கு

கச்சான் வீசத் தொடங்கிவிட்டது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிற காற்று இது. பின்னேர வெயிலும் அதே பக்கத்தால்தான் அடிக்கிறது. ஆகவே ஆவணி கழியும்வரை கூட்டின் மேற்குப் பக்கமே உங்கள் முதல் வேலை.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வழமையாகவே 41 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும் உடல்சூட்டை, வாயைத் திறந்து இரைத்துத்தான் அது தணிக்க வேண்டும். கூட்டுக்குள் 30 பாகையைத் தாண்டினால் தீன் எடுப்பது குறையும். 35ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. வெப்பமானி இருந்தால் கூரைக்குக் கீழே மாட்டாமல், கோழி நிற்கும் உயரத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள்.

இந்தக் கிழமையே செய்யுங்கள்

தகரக் கூரை என்றால் அதன்மேல் கிடுகையோ வைக்கோலையோ தடிப்பாகப் பரப்பி, காற்றுக்குப் பறக்காதபடி கட்டுங்கள். மேற்குப் பக்கத் தாழ்வாரத்தைக் கிடுகால் நீட்டி நிழல் எடுங்கள். அந்தப் பக்கக் கம்பிவலையில் சாக்குகளைத் தொங்கவிட்டு, முற்பகல் முதல் நனைத்து வாருங்கள். காய்ந்த காற்று ஈரச்சாக்கினூடாக நுழையும்போது குளிர்ந்துவிடும். காற்று விழுந்து புழுக்கம் பிடித்தால் நனைப்பதை நிறுத்தி, சாக்கைச் சுருட்டிவிடுங்கள். அந்த நேரத்தில் ஈரம் கூடினால் இரைத்தும் சூடு இறங்காது. மற்றப் பக்கங்களை மூடவே வேண்டாம்.

புரொய்லர் குஞ்சு இறக்குவோர் இந்த முறை வழமையைவிடக் குறைவாக இறக்குங்கள். நெருக்கம் கூடினால் சூடும் கூடும்.

தண்ணீரும் தீனும்

வழமையில் தின்னும் தீனின் நிறையைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும் கோழி, இந்த வெயிலில் நான்கு மடங்குவரை குடிக்கும். வெயிலில் நிற்கும் கறுப்புத் தாங்கியின் தண்ணீர் சுடும். கோழி அதைக் குடிக்காது. தாங்கியை நிழலுக்கு மாற்றுங்கள், அல்லது ஈரச்சாக்கால் சுற்றுங்கள். மத்தியானத்தில் குழாயில் நிற்கும் சுடுநீரைத் திறந்துவிட்டுப் புதுநீர் நிரப்புங்கள்.

தீன் செமிக்கும்போது உடம்பு மேலும் சூடாகும். விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் தீன் வையுங்கள். காலை பத்து மணி முதல் பின்னேரம் நான்கு மணிவரை வேண்டாம். தடுப்பூசி போடுவதும் கோழி பிடித்து ஏற்றுவதும் குளிர்ந்த நேரத்தில் நடக்கட்டும்.

கோழி விழுந்தால்

செட்டையை உடம்போடு ஒட்டாமல் விரித்து, கழுத்தை நீட்டி இரைத்தால் தாமதிக்க வேண்டாம். நிழலுக்குக் கொண்டுபோய், தலை நனையாமல் உடம்பைக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி எடுங்கள். சொண்டைத் தண்ணீரில் தொடவையுங்கள்; தொண்டைக்குள் ஊற்ற வேண்டாம். முட்டைக்கோழிகளில் முட்டைக்கோது மெலிந்துவருவதும் வெக்கையின் அறிகுறிதான்: ஓயாமல் இரைப்பதால் கோதுக்குச் சேரவேண்டிய சுண்ணாம்பு சேராமல் போகிறது. வெக்கைக்குக் கொடுக்கும் உப்புக்கரைசல், விற்றமின் சீ எவ்வளவு கொடுப்பதென்று கால்நடை வைத்தியரிடம் கேட்டுக் கொடுங்கள்.

கூட்டின் ஈரநிழலைத் தேடிப் பாம்பும் வரும். வலையில் ஓட்டை இருந்தால் அடையுங்கள். இருட்டில் முட்டை எடுக்கக் கையை விடாமல் டோர்ச் அடித்துப் பாருங்கள்.

செத்த கோழியை வாய்க்காலிலோ குளத்திலோ எறியாமல் ஆழமாகப் புதையுங்கள். ஒரே நாளில் பல கோழிகள் செத்தால் வெயில் என்று விட்டுவிடாதீர்கள், ராணிக்கெட் நோயாகவும் இருக்கலாம். அன்றைக்கே கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.