கராத்தேயும் குங்ஃபூவும் ஒரே களத்தில்: நட்பு ஸ்பாரிங்குக்கு முழுமையான வழிகாட்டி

சேலம், நாமக்கல் பக்கம் எந்த ஊரில் இறங்கினாலும் ஒரு கராத்தே வகுப்பின் போர்டு கண்ணில் படும். குங்ஃபூ வகுப்புகள் குறைவுதான், தேடினால் கிடைக்கும். இரண்டு வகுப்புப் பசங்களும் ஒரே பள்ளியில் படிப்பார்கள், ஒரே கடையில் டீ குடிப்பார்கள். ஆனால் சேர்ந்து பயிற்சி செய்ததே இருக்காது. நாம் அதைச் செய்து பார்க்கப் போகிறோம். ஆறு மாதமாவது ஏதாவது ஒரு வகுப்புக்குப் போனவராக இருந்தால் போதும், மீதியை வழியில் கற்றுக்கொள்ளலாம்.

## முதலில், இது என்ன?

ஸ்பாரிங் என்பது போட்டி அல்ல, சவாலும் அல்ல. எதிரில் நிற்பவர் நம் பயிற்சித் துணை. அவருக்கு அடிபட்டால் அடுத்த முறை நமக்கு ஆள் இல்லை.

1972இல் வந்த புரூஸ் லீயின் ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’யைப் பார்த்துவிட்டுச் சீனப் பள்ளியும் ஜப்பானியப் பள்ளியும் பரம்பரை விரோதிகள் என்று நினைக்கும் பசங்கள் இன்றும் உண்டு. உண்மை வேறு. கராத்தே பிறந்தது ஒகினாவா தீவில், சீனக் கலைகளின் கலப்போடு. அங்கிருந்து 19ஆம் நூற்றாண்டில் சீனாவின் ஃபூஜோ நகருக்குப் போய்க் கற்றுத் திரும்பியவர் ஹிகாவோன்னா கான்ரியோ. அவருடைய மாணவர் மியாகி சோஜுன் உருவாக்கியதுதான் கோஜு-ரியூ கராத்தே. ஜூடோக்காரரான ஜப்பானியர் சாவாய் கெனிச்சி, பெய்ஜிங்கில் வாங் ஷியாங்ஜாய் என்ற சீன ஆசானோடு மோதிப் பார்த்துத் தோற்றார். தோற்றவர் அவரிடமே மாணவராகச் சேர்ந்தார், பிறகு ஊர் திரும்பி டைகிகென் என்ற முறையைத் தொடங்கினார். நமக்கு முன்மாதிரி இவர்தான்.

போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து போய்த்தான் சீனாவுக்கே சண்டை கற்றுக்கொடுத்தார் என்று ‘7ஆம் அறிவு’ பார்த்த ஒருவர் கட்டாயம் ஆரம்பிப்பார். வரலாற்று ஆய்வாளர்கள் அதைப் பிற்காலக் கதை என்றே சொல்கிறார்கள். அந்த வாதத்தை டீக்கடைக்கு ஒத்திவைப்போம்.

## யாரிடம் கேட்பது?

இரண்டு மாஸ்டர்களிடமும். மாஸ்டருக்குத் தெரியாமல் மொட்டை மாடியில் ஏற்பாடு செய்தால், யாருக்காவது பல் போன பிறகு அவருக்குத் தெரியவரும். நேரில் போய், “மாஸ்டர், அந்த கிளாஸ் பசங்களோட லைட்டா ஸ்பாரிங் பண்ணிப் பார்க்கலாமுங்களா? நீங்களும் வந்து நின்னா நல்லாருக்கும்ங்க” என்று கேட்போம். பல மாஸ்டர்கள் உடனே சரி சொல்ல மாட்டார்கள். தோற்றால் வகுப்புக்குக் கெட்ட பெயர் என்ற பயம்தான் காரணம். வெற்றி தோல்வி அறிவிப்பதில்லை, வீடியோ எடுப்பதில்லை என்ற இரண்டு வாக்குறுதியைக் கொடுத்தால் பாதிப் பேர் இறங்கி வருவார்கள்.

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அப்பா அம்மாவின் கையெழுத்து வேண்டும்.

## எங்கே, எப்போது?

சிமென்ட் தரை வேண்டவே வேண்டாம். குத்து வாங்கி விழுவதைவிட, விழும்போது தலை தரையில் மோதுவதுதான் ஆபத்து. “மோகனூர் பக்கம் காவிரி மணல்ல போடலாமே” என்று யாராவது சொல்வார்கள். விழுவதற்கு மணல் நல்லது, ஆனால் கால் புதைந்து திரும்பும்போது கணுக்கால் பிசகும். மேட் விரித்த வகுப்பு ஹால் முதல் தேர்வு. கல் பொறுக்கிய புல்தரை அடுத்தது.

ஞாயிறு காலை 6 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் முடித்துவிடுவோம். நம் பக்கத்து ஏப்ரல், மே வெயிலில் பத்து மணிக்கு மேல் ஹெட் கார்டு மாட்டினால் மயக்கம்தான் வரும்.

## எவ்வளவு செலவு?

கடைக்குக் கடை விலை மாறும், இது தோராயக் கணக்கு. மவுத் கார்டு 100 முதல் 300 ரூபாய். இடுப்புக்குக் கீழான கார்டு 300 முதல் 500. பாதத்தையும் மூடும் ஷின் கார்டு 500 முதல் 900. கராத்தே கையுறை 400 முதல் 700. ஹெட் கார்டு 800 முதல் 1,500. ஆக ஒருவருக்கு 2,100 முதல் 3,900 ரூபாய் வரை. பெண்களுக்கு மார்புக் கார்டு தனி.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க வேண்டியதில்லை. மவுத் கார்டும் இடுப்புக் கார்டும் முதலில், அவை இரவல் வாங்கும் சாமான்கள் அல்ல. ஹெட் கார்டை நான்கு பேர் சேர்ந்து வாங்கி மாற்றி மாட்டலாம், துடைத்துவிட்டு. ஒன்றை நினைவில் வைப்போம்: ஹெட் கார்டு தோல் கிழிவதைத்தான் தடுக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது. அது இருக்கிறதே என்று பலத்தைக் கூட்டக் கூடாது.

பெரிய செலவு மேட். ஒரு மீட்டர் சதுர மேட் சுமார் 800 ரூபாய் என்று வைத்தால், 6க்கு 6 மீட்டர் களத்துக்கு 36 மேட், 28,800 ரூபாய். அதனால்தான் மேட் வைத்திருக்கும் மாஸ்டரை முதலில் பிடிக்கச் சொல்கிறேன்.

## விதியை எழுதிவிடுவோம்

இதில் அவசரம் வேண்டாம். கராத்தேக்காரரும் குங்ஃபூக்காரரும் மோதி மனஸ்தாபம் வந்தால், பெரும்பாலும் காரணம் கலை அல்ல. இருவரும் வேறு வேறு ஆட்டம் ஆடியிருப்பார்கள்.

உலக கராத்தே சம்மேளன விதியில் குத்துக்கு 1 புள்ளி, நெஞ்சு வயிற்றில் படும் உதைக்கு 2, தலைக்கு வரும் உதைக்கு 3. புள்ளி விழுந்ததும் நடுவர் நிறுத்துவார். அதில் பழகியவர் தொட்டதும் கையைத் தளர்த்திவிடுவார். சீன வூஷூவின் சண்டைப் பிரிவான சாண்டாவில் தொடர்ந்து அடிக்கலாம், காலைப் பிடித்துத் தூக்கியும் போடலாம். 2 நிமிடச் சுற்று, மூன்றில் இரண்டு வென்றவர் ஜெயித்தார். மணிப்பூரின் நாவ்ரெம் ரோஷிபினா தேவி 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கியது இந்தச் சாண்டாவில்தான். முதலாமவர் ‘தொட்டாச்சு’ என்று நிற்கும் நொடியில் இரண்டாமவரின் அடுத்த மூன்று குத்து வந்துவிடும். வேண்டுமென்றே அடித்ததாக முதலாமவர் சொல்வார். நின்றது உன் தப்பு என்பார் இரண்டாமவர். இரண்டும் சரிதான்.

ஆகவே ஒரு ஏ4 தாளில் எழுதி இரு தரப்பும் வாசிப்போம். முதல் நாளுக்கு என் பரிந்துரை: குத்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் மட்டும். முகத்தில் கை படக் கூடாது. உதை இடுப்புக்கு மேல், தோளுக்குக் கீழ். முட்டி, முழங்கை, தூக்கிப் போடுதல், மூட்டு முறுக்குதல் எதுவும் கிடையாது. பலம் கால்வாசி. எடை வித்தியாசம் 5 கிலோவுக்குள். நிறுத்த ஒரே சொல், ‘நிறுத்து’. ஜப்பானியச் சொல் குங்ஃபூ பையனுக்குப் புரியாமல் போய் அடி விழ வேண்டாம்.

## முதல் நாள் வரிசை

கராத்தேக்காரர் குனிந்து வணங்குவார், குங்ஃபூக்காரர் வலது முஷ்டியை இடது உள்ளங்கையில் வைத்து வணங்குவார். அவரவர் முறையில் வணங்கட்டும்.

முதல் 15 நிமிடம் எல்லோரும் கலந்து நின்று வார்ம்-அப். அடுத்து தோள் தொடும் ஆட்டம்: ஒருவர் தோளை மற்றவர் உள்ளங்கையால் தொட வேண்டும், அவ்வளவுதான். சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும், ஆனால் பாதி ரகசியம் இங்கேயே தெரிந்துவிடும். கராத்தேக்காரர் தூரத்திலிருந்து பாய்ந்து தொட்டுவிட்டு வெளியேறுவார். விங் சுன் மாதிரியான குங்ஃபூ படித்தவர் நம் கையோடு கையை ஒட்டிக்கொண்டு உள்ளே வருவார்.

பிறகு ஒரு கை ஆட்டம். ஒருவர் நெஞ்சுக்குக் குத்துவது மட்டும், மற்றவர் தடுப்பது மட்டும். ஒரு நிமிடத்தில் மாற்றிக்கொள்வோம்.

இப்போது மூன்று சுற்று, ஒவ்வொன்றும் 2 நிமிடம், நடுவில் 1 நிமிட ஓய்வு. முதல் சுற்று கராத்தே முறை: தொட்டதும் நிறுத்தி, மறுபடி தொடக்கம். இரண்டாவது சுற்று நிறுத்தாமல். காலைப் பிடித்தால் பிடித்தவர் விட்டுவிட வேண்டும். மூன்றாவது சுற்றை இருவர் மணிக்கட்டும் தொட்டபடி கிட்டத்தில் தொடங்குவோம்.

முதல் சுற்றில் புலியாக இருந்தவர் மூன்றாவதில் திணறுவதைப் பார்ப்போம். ‘எது பெரிய கலை’ என்ற கேள்வியோடு வந்தவர், தூரத்தையும் விதியையும் மாற்றினால் ஆளே மாறிப்போவதைப் பார்த்து வாயை மூடிக்கொள்வார். நாம் இத்தனை ஏற்பாடு செய்ததே இதற்குத்தான்.

கடைசி 10 நிமிடம் வட்டமாக உட்கார்ந்து பேசுவோம். எதிராளியிடம் கேட்க ஒரே கேள்வி: “நான் எங்கே திறந்து விட்டேன்?”

## எச்சரிக்கை

தலையில் பலமாக அடிபட்டவர் அன்று மறுபடி இறங்கக் கூடாது, ‘நல்லா இருக்கேன்ங்க’ என்று சொன்னாலும். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறும் பேச்சு, மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் 108ஐ அழைப்போம். சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வீட்டில் தூங்கவைத்துப் பார்க்கலாம் என்ற யோசனை வேண்டாம்.

ரத்தம் வந்தால் சுற்று முடிந்தது. நகம் வெட்டாமல், மோதிரமோ கயிறோ கழற்றாமல் யாரும் இறங்க வேண்டாம்.

அடுத்தது போன். ‘கராத்தேயா குங்ஃபூவா’ என்று தலைப்பு வைத்து ஒரு ரீல்ஸ் போட்டால் போதும், ஒரு மாத நட்பு ஒரு ராத்திரியில் முடியும். போன்களை ஒரு பையில் போட்டு மாஸ்டரிடம் கொடுத்துவிடுவோம்.

வேடிக்கை பார்க்கும் கூட்டமும் வேண்டாம். கைதட்டல் கேட்டதும் கால்வாசி பலம் முக்கால் ஆகிவிடும்.

## அடுத்து என்ன?

மாதம் ஒருமுறை போதும், இடையில் அவரவர் வகுப்பில் கற்றதைச் சரிசெய்ய நேரம் வேண்டும். இரண்டாவது சந்திப்பில் தொடைக்கு உதை சேர்க்கலாம். பல கராத்தேக்காரர்களுக்கு அது புதிது, மெதுவாகத் தொடங்குவோம். முகத்துக்குக் குத்து வேண்டுமானால் இரு தரப்புக்கும் ஒரே எடையுள்ள பாக்ஸிங் கையுறை வந்த பிறகு. தூக்கிப் போடுவதைக் கடைசியில் வைப்போம்: மேட் இருக்க வேண்டும், கையை விரித்துத் தட்டி, தலை படாமல் விழ எல்லோரும் பழகியிருக்க வேண்டும். ஜூடோ தெரிந்த யாரையாவது நாலைந்து ஞாயிறு அழைத்து அதை மட்டும் கற்றுக்கொள்ளலாம்; அவருக்கான போக்குவரத்துச் செலவை இரு வகுப்பும் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்வோம்.