தோட்டாவின் அடியில் ஒரு சிட்டிகைத் தூசி

மாணவர்களே, கெமாஸ் என்றதும் கிழக்குக்கரை ரயில் பாதை பிரியும் சந்திப்பு நினைவுக்கு வரும். வரலாறு படிப்பவர்களுக்கு இன்னொன்றும் வரும். 1942 ஜனவரி 14 அன்று, கெமாஸுக்கு மேற்கே கெமெஞ்சே அருகில் ஒரு பாலத்தில், சைக்கிளில் வந்த ஜப்பானியப் படையை ஆஸ்திரேலிய வீரர்கள் பதுங்கியிருந்து தாக்கினார்கள்.

அவர்கள் ஏந்தியிருந்தது 303 ரகத் துப்பாக்கி. அதன் தோட்டாவைக் குறுக்கே வெட்டிய படத்தைப் பாருங்கள். முன்னால் குண்டு, பின்னால் வெடிமருந்து நிறைந்த பித்தளைக் கூடு. கூட்டின் அடியில், சட்டைப் பொத்தானைவிடச் சிறிய உலோகக் கிண்ணம் ஒன்று. இதன் பெயர் பிரைமர். துப்பாக்கியின் ஊசி அடித்ததும் கிண்ணத்திலுள்ள கலவை நசுங்கித் தீ கக்கும்; அந்தத் தீ வெடிமருந்தைக் கொளுத்தும். பொம்மைத் துப்பாக்கியில் போடும் பொட்டு வெடியும் இப்படி அடிபட்டுத்தான் வெடிக்கிறது.

அந்தக் காலத்துக் கலவையில் மெர்குரி ஃபல்மினேட்டும் பொட்டாசியம் குளோரேட்டும் இருந்தன. வெடித்தபின் குளோரேட் என்ன ஆகும்? ஆக்சிஜனை இழந்து பொட்டாசியம் குளோரைடு ஆகும். அது சமையல் உப்பின் உறவுக்காரன். குழாயில் படிந்த உப்பு நம் ஊர் ஈரக்காற்றை உறிஞ்சினால் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்குமா? வெறும் எண்ணெய் பூசினால் பயனில்லை. அயனிச் சேர்மம் எண்ணெயில் கரையாது. எனவே சுட்டபின் குழாயில் கொதிநீர் ஊற்றிக் கழுவுவது அந்தப் படைகளின் வழக்கம். நீங்கள் படிக்கும் கரைதிறன் பாடம்தான் இது. பாதரசமோ வேறு விதமாகக் கெடுத்தது. பித்தளையோடு கலந்து கூட்டையே நொறுங்கச் செய்தது.

இரண்டையும் தவிர்க்கத்தான் லெட் ஸ்டிஃப்னேட் வந்தது. பேரியம் நைட்ரேட், ஆன்டிமணி சல்ஃபைடு ஆகியவற்றோடு அது இன்றும் பல பிரைமர்களில் இருக்கிறது. துரு ஒழிந்தது, ஈயம் வந்து சேர்ந்தது.

அமெரிக்கா போன்ற சில நாடுகளில் சுட்ட கூடுகளை வீட்டிலேயே மறுபடி நிரப்பும் பழக்கம் உண்டு. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆனால் அந்த மேசையில் நடப்பது நமக்கு நல்ல பாடம். கூட்டைக் கருவியில் பொருத்தி, ஊசியால் குத்திப் பழைய பிரைமரை வெளியே தள்ளுவார்கள். கிண்ணம் கீழே விழும்போது ஒரு சிட்டிகை கரித்தூசியும் உதிரும். அதில் ஈயம் இருக்கிறது. மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் சில கூறு அளவே உள்ள துகள்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. துடைப்பத்தால் பெருக்கினால் காற்றில் எழும்பும். கம்பளத்தில் புகுந்தால் தவழும் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குப் போகும்.

அதனால் கவனமுள்ளவர்கள் கருவியின் அடியில் ஒரு குழாயைச் செருகி, மூடிய புட்டிக்குள் நேராக விழவைக்கிறார்கள். மேசையை ஈரத்துணியால் துடைக்கிறார்கள். சாப்பிடுமுன் சோப்பு போட்டுக் கை கழுவுகிறார்கள். தூசியைப் பரவியபின் தேடுவதைவிடப் பிறக்கும் இடத்திலேயே அடைப்பது சுலபம் அல்லவா?

ஈயம் உடலுக்குள் கால்சியம்போல் நடிக்கும். எலும்பில் புகுந்து பல ஆண்டுகள் தங்கும். நரம்புகளையும் மூளையையும் பாதிக்கும். விழுங்கிய ஈயத்தில் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் 4 முதல் 5 மடங்கு உறிஞ்சும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று எதையும் அது சொல்லவில்லை.

இதே துகள் காவல்துறைக்கும் உதவுகிறது. ஈயம், பேரியம், ஆன்டிமணி மூன்றும் ஒரே துகளில் சேர்ந்திருப்பது அபூர்வம். சந்தேக நபரின் கையில் ஒட்டியெடுத்து மின்னணு நுண்ணோக்கியில் தேடுகிறார்கள்.

தோட்டத்திலோ ஆற்றோரத்திலோ பழைய தோட்டா தென்பட்டால் தொடாதீர்கள். 80 ஆண்டு ஆனாலும் சுடாத பிரைமரை நம்ப முடியாது. பெரியவர்களிடம் சொல்லி 999க்கு அழைக்கச் செய்யுங்கள். செம்பனைத் தோட்டத்துக் கால்வாயில் தூண்டில் போடுபவரா நீங்கள்? நரம்பில் ஈயக் குண்டை இறுக்கப் பல்லால் கடிக்காமல், ஓர் இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.