மிரட்டும் போலி எச்சரிக்கைகளை நீக்குவது எப்படி?

கம்ப்யூட்டரில் ஏதோ வேலை பார்த்துக் கொண்டிருக்கிறீர்கள். திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம் எட்டிப் பார்க்கிறது. "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள் உள்ளன. உடனே நீக்கவும்" என்கிறது. மூடினால் இரண்டு நிமிடத்தில் இன்னொன்று. என் பெரியப்பா வீட்டில் இதே கதைதான். ஆன்டி வைரஸ் புரோகிராமை மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டார், எதுவும் சிக்கவில்லை. ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்யக் கடையில் கூலியும் பேசிவிட்டார். நான் போய் ஐந்து நிமிடத்தில் சரி செய்தேன். இதில் என் திறமை ஒன்றும் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரில் வைரஸே இல்லை, அவ்வளவுதான்.

முன்பெல்லாம் இந்த மிரட்டல் வேறு விதமாக வந்தது. வின்பிக்சர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் போன்ற போலிகள் புரோகிராமாகவே உள்ளே வந்து உட்கார்ந்து கொண்டு, இல்லாத வைரஸ்களைப் பட்டியலிட்டுப் பணம் கேட்டன. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2008 டிசம்பரில் இவற்றை விற்றவர்கள் மீது வழக்கே தொடுத்தது. இன்று பெரும்பாலும் அவ்வளவு சிரமம் கூட அவர்களுக்கு இல்லை. பிரவுசரில் நாமே ஒரு அனுமதி கொடுத்துவிடுகிறோம். படம் பார்க்கவோ பைல் டவுன்லோட் செய்யவோ ஒரு தளத்திற்குப் போகும்போது, "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் கிளிக் செய்யவும்" என்று கேட்கும். அந்த ஒரு கிளிக், தளம் நமக்கு நோட்டிபிகேஷன் அனுப்ப நாம் கொடுக்கும் அனுமதி. அது வைரஸ் பைல் அல்ல. அதனால்தான் ஆன்டி வைரஸ் ஒன்றும் சொல்வதில்லை.

அடுத்த முறை அந்தக் கட்டம் வந்தால் மூடும் முன் நன்றாகப் பாருங்கள். கூகுள் குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும், ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் சிறிய எழுத்தில் இருந்தால், அது பிரவுசரிலிருந்து வருகிறது. அந்த முகவரியைக் குறித்துக் கொள்ளுங்கள்.

இப்போது குரோம் பிரவுசரில் மேலே வலது பக்கம் உள்ள மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்து செட்டிங்ஸ் செல்லவும். பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என வரிசையாகத் திறக்கவும். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கிடைக்கும். குறித்து வைத்த முகவரியின் அருகே உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து பிளாக் கொடுக்கவும். பெரியப்பாவின் பட்டியலில் இருந்த முகவரிகளில் ஒன்றைக்கூட அவருக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் அப்படி இருந்தால் எல்லாவற்றையும் தூக்கிவிடலாம். நஷ்டம் எதுவும் இல்லை. எட்ஜில் செட்டிங்ஸ் பக்கத் தேடல் கட்டத்தில் நோட்டிபிகேஷன்ஸ் என ஆங்கிலத்தில் டைப் செய்தால் இதே பட்டியல் வரும். அப்படியே எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தையும் பார்த்து, நீங்கள் போடாதவற்றை நீக்கிவிடுங்கள்.

அந்தக் கட்டத்தைக் கிளிக் செய்தால்தான் உண்மையான ஆபத்து. திரை முழுவதும் ஒரு பக்கம் திறந்து, சைரன் ஒலியுடன் "மைக்ரோசாப்ட் உதவி எண்" ஒன்றைக் காட்டும். மவுஸ் நகராதது போலவும் தோன்றும். பயப்பட வேண்டாம். எஸ்கேப் கீயைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்கவும். போகாவிட்டால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசருக்கு எண்ட் டாஸ்க் கொடுக்கவும். மீண்டும் பிரவுசரைத் திறக்கும்போது ரீஸ்டோர் கேட்டால் சம்மதிக்காதீர்கள். அதே பக்கம் திரும்ப வந்துவிடும். மைக்ரோசாப்ட் தன் எச்சரிக்கைச் செய்திகளில் போன் எண் தருவதே இல்லை. எண் இருந்தால் போலி. "விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் அழுத்தி இதை பேஸ்ட் செய்யுங்கள்" என்று ஒரு பக்கம் சொன்னால் அது இன்னும் மோசம். உங்கள் கையாலேயே வைரஸை உள்ளே இறக்கும் வேலை.

இவ்வளவும் செய்த பிறகும் எச்சரிக்கை வந்தால், நிஜமாகவே ஏதோ இன்ஸ்டால் ஆகியிருக்கலாம். செட்டிங்ஸில் ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் சென்று தேதி வாரியாக அடுக்கி, பிரச்சினை தொடங்கிய நாளில் வந்தவற்றை அன்இன்ஸ்டால் செய்யவும். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் திறந்து, டிபெண்டரின் ஆப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுக்கவும். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும் என்பதால் திறந்துள்ள பைல்களை முதலில் சேவ் செய்து கொள்ளுங்கள். சுமார் 15 நிமிடம் ஆகும்.

பெரியப்பா அந்த உதவி எண்ணைக் காலண்டரில் எழுதி வைத்திருந்தார். டயல் செய்யப் போகும்போது கரண்ட் போய்விட்டதாம்! எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது. ஒருவேளை நீங்கள் பேசி, அவர்கள் சொன்ன ரிமோட் புரோகிராமையும் போட்டிருந்தால், முதலில் மோடத்தை அணைத்து இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். அந்தப் புரோகிராமை நீக்கிவிட்டு ஆப்லைன் ஸ்கேன் செய்யுங்கள். மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை அந்தக் கம்ப்யூட்டரில் மாற்றாமல் வேறொரு கருவியில் மாற்றுங்கள். பணம் போயிருந்தால் வேறு எதற்கும் காத்திராமல் உங்கள் பேங்கிற்கும், சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணிற்கும் உடனே போன் செய்யுங்கள்.