இலையினுள் இலத்திரன் செல்லும் வழி

ஞாயிற்றொளியைக் கொண்டு நீரைப் பிளக்கும் வித்தையைப் புல்லும் அறியும். மனிதன் அதனை இன்னும் முற்றக் கற்றிலன். நிலக்கரியையே நம்பியிராது, ஒளியின் துணையால் வேண்டுவன ஆக்கக் கற்றல் வேண்டுமென்று இத்தாலிய இரசாயன அறிஞர் சாமிச்சியன் 1912ஆம் ஆண்டில் நியூயோர்க்கு நகரிற் பேசினார். அவர் விரும்பியது இன்னும் முற்றாகக் கைகூடவில்லை. இலையினுள் இலத்திரன் செல்லும் வழி படிபடியாக முழுவதும் அறியப்படாமை அதற்கு ஒரு காரணமாகும். அவ்வழியை எக்ஸ் கதிர் கொண்டு காணும் முறையை ஈண்டு ஆராய்வாம். தமிழாசிரியராகிய நாம் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்கு நோக்கம் ஒன்றுண்டு. நம் மாணவர் விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்கின்றனர். பாடநூலுக்கு அப்பாலுள்ள புதுமைகளும் அவர்க்குத் தமிழிலேயே கிடைத்தல் வேண்டும்.

ஊக்கி என்னுஞ் சொல் 'ஊக்கு' என்னும் வினையடியாகப் பிறந்தது. தான் செலவாகாது, பிற பொருள்களை வினைப்படத் தூண்டுவது ஊக்கி. நீரைப் பிளக்கும் இலையின் ஊக்கி, நான்கு மங்கனீசு அணுக்களும் ஒரு கல்சிய அணுவும் ஐந்து ஒட்சிசன் அணுக்களும் கூடிய மிகச் சிறு கொத்து. ஒளித்தொகுதி இரண்டு எனப்படும் புரதத்தினுள் அது பொதிந்துள்ளது. அதன் அமைப்பை யப்பானிய அறிஞர் 2011இல் தெளிவுறக் கண்டனர்.

ஒளித் துணிக்கையொன்றின் சத்தி பச்சையத்தை அடைந்தவுடன் அங்கிருந்து ஓர் இலத்திரன் புறப்படுகின்றது. புறப்பட்ட இலத்திரன் தன்னிடத்துக்கே மீளுமாயின் பெற்ற சத்தி வீணாம். மனிதன் ஆக்கிய ஊக்கிகள் பலவற்றில் நேரும் இடர் இதுவே. இலையோ அவ்விலத்திரனைக் கைமாற்றிக் கைமாற்றி விரைவில் அப்பாற் கடத்திவிடுகின்றது. இழந்த பச்சையம் அயலிலுள்ள தைரோசினிடமிருந்தும், தைரோசின் மங்கனீசுக் கொத்தினிடமிருந்தும் இலத்திரனைப் பெறும். இங்ஙனம் நான்குமுறை இழந்த கொத்து, இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு இலத்திரன்களை ஈடாகக் கொண்டு, ஓர் ஒட்சிசன் மூலக்கூற்றை வெளிவிடும். நாம் சுவாசிக்கும் ஒட்சிசன் இவ்வாறு பிறந்ததே.

நான்கு என்னும் எண் எவ்வாறு அறியப்பட்டது? இருளில் வைத்த பச்சையவுருமணிகள்மீது ஒளியை வீச்சு வீச்சாகப் பாய்ச்சி, பிரான்சிய அறிஞர் ஜோலியோ 1969இல் ஆராய்ந்தார். மூன்றாம் வீச்சில் ஒட்சிசன் மிகுந்தது. பின்னர் ஏழாம், பதினோராம் வீச்சுக்களில் மிகுந்தது. முதலில் நான்காம் வீச்சிலன்றி மூன்றாவதில் மிகுந்தது ஏன்? மாணவர் சற்றுச் சிந்திப்பாராக. இருளிலிருக்கும் கொத்துக்களுட் பெரும்பாலானவை முன்னரே ஒருபடி ஏறி நிற்கின்றன என்பதே விடை. 1970இல் கொக் என்னும் அறிஞர் இப்படிகளை ஒழுங்குபடுத்தி உரைத்தார்.

இம்முறை இலத்திரன்களின் தொகையைக் காட்டும். எவ்வணு அவற்றை இழந்ததென்பதைக் காட்டாது. இவ்விடத்தே எக்ஸ் கதிர் துணைபுரிகின்றது. 1895இல் றொன்ஜன் கண்டுபிடித்த இக்கதிரை ஒவ்வொரு மூலகமும் தனக்கேயுரிய சத்தியுடன் வெளிவிடும் என்பதை மோஸ்லி 1913இல் ஒழுங்குறக் காட்டினார். உள்ளோட்டு இலத்திரனைப் பெயர்க்க, மங்கனீசுக்கு ஏறத்தாழ 6,540 இலத்திரன் வோல்ற்றுச் சத்தி வேண்டும். கல்சியத்துக்கு ஏறத்தாழ 4,040 போதும். கதிரின் சத்தியை மெல்ல உயர்த்திச் செல்லின், மங்கனீசுக்குரிய எல்லையை அடைந்ததும் உறிஞ்சல் திடீரெனக் கூடும். அவ்வெல்லை உறிஞ்சல் விளிம்பு எனப்படும். மங்கனீசு ஓர் இலத்திரனை இழப்பின், எஞ்சியவற்றைக் கரு முன்னையிலும் இறுகப் பற்றும். ஆதலின் விளிம்பு உயர்சத்திப் பக்கம் நகரும். நகர்வு ஓரிரு இலத்திரன் வோல்ற்றளவே. எனினும் மங்கனீசின் இழப்புக்கு அது சான்றாகும்.

ஆயினும் ஓர் இக்கட்டு உண்டு. எக்ஸ் கதிரே மங்கனீசுக்கு இலத்திரன் சேர ஏதுவாகி அதன் நிலையைக் கெடுத்துவிடும். காண வந்த பொருளைக் காணுங் கருவியே அழிப்பதாயிற்று. பளிங்காய்வில் இக்கேடு நேர்தலை 2005இல் அறிஞர் எடுத்துக்காட்டினர். மாதிரியை மிகக் குளிரச்செய்தல் கேட்டைத் தணித்ததேயன்றி நீக்கவில்லை. 2009இல் அமெரிக்காவின் ஸ்ரான்போட்டில் ஒளிரத் தொடங்கிய எக்ஸ் கதிர் லேசர் வேறொரு வழியைத் திறந்தது. ஒரு செக்கனைப் பத்துக்கோடி கோடி கூறாக்கினால் ஒரு கூறு பெம்ரோ செக்கனாகும். அந்த லேசரின் துடிப்பு சில பத்துப் பெம்ரோ செக்கனளவே நீடிக்கும். மாதிரி சிதையும், சிதையுமுன் செய்தி கைவந்துவிடும். இம்முறையால் 2013இல், சாதாரண அறை வெப்பநிலையிலேயே, ஒளித்தொகுதி இரண்டின் அமைப்பையும் மங்கனீசு உமிழும் கதிரின் நிறமாலையையும் ஒருங்கே பதிவுசெய்தனர்.

இறுதிப் படியில் இரண்டு ஒட்சிசன் அணுக்கள் இணையும் விதம் இன்னும் வாதத்துக்குரியதாகவே உள்ளது. அது துணியப்படின், அரிய உலோகங்களை நாடாது, மலிவான மங்கனீசு போன்றவற்றைக் கொண்டு நீரிலிருந்து ஐதரசன் எரிபொருள் ஆக்கும் முயற்சிக்கு அஃது உறுதுணையாகும். நம் பழைய மாணவருள் ஆய்வுகூடங்களிற் பணிபுரிவோர் தாம் கண்டவற்றைத் தமிழில் எழுதுவாராக. எழுதுவாராயின், அடுத்த மலரில் இத்தகைய பொருளைத் தமிழாசிரியர் எழுதவேண்டிய தேவை இராது. அதனினும் மகிழ்ச்சி நமக்கு வேறில்லை.