பொன் தேடுங் கருவியைத் தேர்ந்தெடுத்தல்

எம்மூராகிய கருவடிக்குப்பத்தில் வசிக்கும் பழைய மாணவ நண்பரொருவர் சென்ற விடுமுறையில் எம்மை நாடி வந்தார். "நீலகிரியில் கூடலூரை அடுத்த தேவாலாவுக்கும், அதன் கீழுள்ள நிலம்பூர் ஆற்றங்கரைக்கும் சென்று பொன் தேட எண்ணியுள்ளேன். உலோகங் காட்டுங் கருவிகளில் எதனை வாங்கலாம்? நீர் பௌதிகம் கற்றவராயிற்றே, சொல்லும்" என்று வினவினார். பல்லாண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளனைத்தையும் அக்கருவிக்கே செலவிடத் துணிந்திருந்தார் அவர். ஆதலின் யாமும் எளிதில் விடை பகர்ந்துவிடாது, இவ்விஷயத்தை ஒழுங்காக ஆராயலானோம். அவ்வாராய்ச்சியின் பயன் ஏனை அன்பர்க்கும் உதவுமென்று கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

1. பொன் இருக்கும் வடிவம்

கருவியைப் பற்றிக் கேட்குமுன் கேட்கத்தக்க வினா ஒன்றுண்டு. தேடும் நிலத்தில் பொன் எவ்வடிவில் இருக்கின்றது என்பதே அது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் 1980-ஆம் ஆண்டு கிங்கோவர் என்னும் ஊரருகே, உலோகங் காட்டுங் கருவி கொண்டு தேடிய ஒருவர் 27 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையுள்ள பொற்கட்டியொன்றைக் கண்டெடுத்தார். அச்செய்தியைப் படித்தோர் எல்லா நாட்டுப் பொன்னும் அவ்வாறே கட்டி கட்டியாய்க் கிடக்குமென்று எண்ணிவிடுகின்றனர். நம் தென்னாட்டின் நிலை வேறு.

கோலார்த் தங்கவயலை நோக்குக. வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் உழைத்த அச்சுரங்கம், 1880-இல் தொடங்கி 2001-இல் மூடப்படும்வரை சுமார் எண்ணூறு டன் பொன் ஈந்தது. ஆயினும் அப்பொன் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை வெண்கற்பாறையினுள்ளே நுண்துகளாய்க் கலந்து கிடந்தது. முடிவுக்காலத்தில் ஒரு டன் கல்லை உடைத்து அரைத்தால் சில கிராம் பொன்னே கிடைத்தது. அத்தகைய பாறையின்மேல் எக்கருவியைக் கொண்டு சென்றாலும் அது வாய் திறவாது.

தேவாலா, பந்தலூர்ப் பகுதியும் இத்தன்மையதே. 1880-இல் பிரஃ ஸ்மித் என்னும் சுரங்க நிபுணர் அப்பகுதியைப் பற்றிச் சர்க்காருக்கு அறிக்கை விடுத்தபின், லண்டனில் பல கம்பெனிகள் தோன்றிப் பெரும் மூலதனம் திரட்டின. சில ஆண்டுகளுக்குள் அவை பெரும்பாலும் நொடித்துப் போயின. பொன் இல்லாமையன்று காரணம். கல்லில் அது பரந்து மெலிந்து கிடந்தமையே காரணம். அக்காலத்திற்கு முன்னிருந்தே அப்பக்கத்துக் குறும்பரும் பணியரும் ஆற்று மணலை மரத்தட்டில் இட்டு நீரில் அலசிப் பொற்றுகள் எடுத்து வந்தனர். நிலத்திற்கேற்ற கருவி யாதென்பதை அவர்கள் அறிந்திருந்தனர் என்றே சொல்லவேண்டும். பொன்னின் அடர்த்தி நீரினும் 19 மடங்குக்கு மேல்; வெண்கல் மணலின் அடர்த்தியோ 2.65 மடங்கே. ஆதலின் தட்டைச் சுழற்ற, மணல் வழிந்தோடப் பொன் அடியில் தங்கும். கண்ணுக்குப் புலப்படாத துகளையும் தட்டுப் பிடிக்கும், மின்கருவி பிடிக்காது.

2. கருவி தொழிற்படும் முறை

மின்கருவி ஏன் துகளைக் காண்பதில்லை? 1831-இல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இக்கருவிகளுக்கு அடிப்படை. கம்பிச்சுருளில் மாறும் மின்னோட்டம் பாய்ந்தால் சுற்றிலும் மாறும் காந்தப்புலம் தோன்றும். அப்புலத்தில் உலோகம் அகப்பட்டால் அதனுள் சுழல் மின்னோட்டம் எழும். அச்சுழலோட்டம் தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்கும். அதனைக் கருவி உணர்ந்து ஒலியெழுப்பும். சுழல்வதற்கு இடம் வேண்டுமன்றோ? நுண்துகளில் அவ்விடமில்லை, ஆதலின் மறுமொழியும் இல்லை.

தூரமும் பெருந்தடையாகும். சிறு பொருள் சுருளினின்று விலகுந்தோறும், தூரம் இருமடங்கானால் குறிப்பொலி ஏறக்குறைய அறுபத்துநான்கில் ஒரு பங்காய்த் தேயும். அரிசியளவு பொன் சில அங்குல ஆழத்திலேயே மறைந்துவிடுவது இதனாலேயே.

3. இருவகைக் கருவிகள்

இன்று விற்கப்படுவன பெரும்பாலும் இருவகையின. முதலாவது, இடையறாத அலையைச் செலுத்தி, அதே வேளையில் மறுமொழியையும் கேட்பது. இவ்வகையில் அதிர்வெண்ணே முக்கியம். சிறு பொன்னுக்கு உயர்ந்த அதிர்வெண் வேண்டும். பொன் தேடுவதற்கென்றே செய்யப்பட்ட கருவிகளுள் மைன்லாப் கோல்டு மான்ஸ்டர் 1000 என்பது 45 கிலோஹெர்ட்ஸிலும், ஃபிஷர் கோல்டு பக் 2 என்பது 71 கிலோஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன. நாணயம் தேடுவோர்க்கான பொதுக் கருவிகள் பல இவற்றினும் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் இயங்குவன. அவை சிறு பொன்னைத் தவறவிடும்.

இரண்டாவது, துடிப்பு முறைக் கருவி. இது மின்னோட்டத்தைச் சட்டென்று நிறுத்திச் சிறிது பொறுத்துப் பின்னர்ச் செவிசாய்க்கும். அப்பொறுக்கும் நேரம் ஒரு வினாடியின் பத்துலட்சத்தில் பத்துப் பங்களவே. அதற்குள் மண்ணின் ஆரவாரம் பெரிதும் அடங்கிவிட, பெரிய பொன்னின் சுழலோட்டம் மட்டும் எஞ்சி நிற்கும். ஆகவே காந்தமண் மிகுந்த நிலத்திலும் ஆழத்திலும் இதுவே சிறந்தது. ஆயின் மிகச் சிறிய பொன்னின் சுழலோட்டம் கருவி செவிசாய்க்குமுன்னரே அணைந்துவிடும். ஆழம் வேண்டின் நுண்மையையும், நுண்மை வேண்டின் ஆழத்தையும் ஓரளவு விட்டுக்கொடுக்க வேண்டுமென்பது இதனாற் பெறப்படும். விலையிலும் துடிப்பு முறைக் கருவியே பெரும்பாலும் மிகுதி.

மண்ணைச் சோதிக்க எளிய வழியொன்றுண்டு. காந்தமொன்றைக் காகிதத்திற் சுற்றி உலர்ந்த மண்ணில் இழுத்துப் பார்க்க வேண்டும். கரிய மணிகள் திரளாக ஒட்டினால் முதல்வகைக் கருவி ஓயாது பொய்யொலி எழுப்பக்கூடும். மண்ணின் சிவப்பை மட்டுங் கண்டு அஞ்சவேண்டா. நிறந்தரும் இரும்புத்துரு யாவும் காந்தத்திற் பற்றுவதில்லை.

சுருளையும் நோக்குக. பெரிய சுருள் ஆழமாய்ப் பார்க்கும். சிறிய சுருள் சிறு பொன்னை நன்கு உணரும். இனி, இரும்பையும் தகரத்தாளையும் ஒதுக்கிக் காட்டும் விசையொன்று பல கருவிகளில் உண்டு. சிறு பொன்னின் மறுமொழியும் மெல்லிய உலோகத்தாளின் மறுமொழியும் ஏறக்குறைய ஒன்றாயிருத்தலின், அவ்விசையை நம்பினால் குப்பையோடு பொன்னும் ஒதுக்கப்படும். பொன் தேடுவோன் ஒலித்த இடமெல்லாம் தோண்டும் பொறுமை உடையவனாதல் வேண்டும்.

4. விலக்கத்தக்கவை

நூறு கெஜத் தூரத்திலிருந்தே பொன்னைச் சுட்டிக்காட்டும் என்று விளம்பரஞ் செய்யப்படும் கைப்பிடிக் கம்பிகளை ஒருகாலும் வாங்கற்க. மேலே கூறிய தூரவிதி அவற்றைப் பொய்யென்று காட்டும். பிரிட்டனில் ஒருவர் கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுப் பொருளையொத்த வெறுங் கம்பியை வெடிகுண்டு காட்டுங் கருவியென்று ஈராக் முதலிய நாடுகளுக்கு விற்றுப் பெரும்பொருள் திரட்டினார். 2013-இல் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதற்குள் சோதனைச்சாவடிகளில் அக்கம்பியை நம்பி உயிரை ஒப்படைத்தோர் எத்துணையர்!

5. உரிமையும் கடமையும்

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுச் சுரங்க, கனிமச் சட்டப்படி அனுமதியின்றிக் கனிமம் தேடுதலே குற்றமாகும். காட்டுநிலமாயின் வனத்துறையின் உத்தரவும் வேண்டும். புதையலாயின், பத்து ரூபாய்க்கு மேற்பட்டதைக் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டுமென்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம்.

இவற்றினும் எம் உள்ளத்தை உறுத்துவது ஒன்றுண்டு. கருவி கையிலிருந்தால் தேவாலாவுக்குப் போகுமுன் அருகிலுள்ள அரிக்கமேட்டில் அதனைச் சோதித்துப் பார்க்கும் ஆசை எழுவது இயல்பே. 1945-இல் வீலரும், பின்னர்க் கசாலும் அகழ்ந்து, ரோமாபுரி வாணிகத்தை உலகறியச் செய்த இடம் அது. அங்கு ஒரு மணியோ காசோ எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதே அதன் காலத்தைக் கூறும் சான்று. அடுக்கைக் குலைத்து எடுத்த காசு சாட்சி சொல்ல வாயற்ற காசு. பாதுகாக்கப்பட்ட அவ்விடத்தில் அனுமதியின்றித் தோண்டுதல் சட்டத்திற்கும் மாறு. நம் முன்னோர்க்குச் செய்யும் தீங்குமாகும்.

6. முடிவு

இவையனைத்தையும் நண்பர்க்கு எடுத்துரைத்தபின் யாம் கூறிய விடை இது: "முதலில் உத்தரவு பெறும், பின்னர் ஒரு தட்டு வாங்கி அலசக் கற்றுக்கொள்ளும். தட்டில் துகளே வந்தால் மின்கருவி வேண்டா. கண்ணுக்குத் தெரியும் பொன்மணி வந்தால், காந்தத்தால் மண்ணைச் சோதித்து, ஆரவாரமற்ற மண்ணாயின் உயர்ந்த அதிர்வெண் கருவியையும், காந்தமண்ணாயின் துடிப்பு முறைக் கருவியையும் தேர்ந்துகொள்ளும். எதையும் வாங்குமுன் கடையிலேயே ஒரு மூக்குத்தியை மணலிற் புதைத்து உம் கையால் சோதித்துப் பாரும்."

நண்பர் சிறிது வாடினார். பின்பு, "ஆயின் என் பணம் மிஞ்சுமே!" என்றார். அப்பொருள் இப்பொழுது அவர் மகளின் கல்லூரிச் சம்பளத்திற்கு ஆகின்றது.