அக்கராயன் பஸ்ஸில் குறையா? முறைப்பாடு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

பஸ் நிற்காமல் போனது, நடத்துநர் மிச்சக்காசு தரவில்லை, பின்னேர பஸ் வரவேயில்லை: கிளிநொச்சி மாவட்டத்தின் அக்கராயன், ஸ்கந்தபுரம், கோணாவில் பக்கம் இந்தக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சந்தியில் சொன்னது சந்தியோடு முடிகிறது. மினக்கெட்டு எழுதினாலும், பிழையான கந்தோருக்கு எழுதினால் அது அங்கேயே கிடக்கும். அதனால் கோபத்துக்கு முன்னால் முகவரி.

படி 1: பஸ் யாருடையது?

சிவப்பு பஸ் என்றால் இலங்கைப் போக்குவரத்துச் சபை. 1958இல் பஸ்கள் அரசுடைமையானபோது வந்த ‘சீ.ரி.பி.’ என்ற பெயரைப் பழைய ஆட்கள் இன்னும் விடவில்லை. இந்த பஸ்ஸைப் பற்றிய முறைப்பாடு முதலில் சாலை (டிப்போ) முகாமையாளருக்குப் போகவேண்டும். எந்தச் சாலை என்று பஸ்ஸிலேயே பாருங்கள். ஏ-9 வீதியிலுள்ள முறிகண்டியால் போகிற சிவப்பு பஸ் எல்லாம் கிளிநொச்சிச் சாலையின் பஸ் அல்ல. யாழ்ப்பாணம், வவுனியாச் சாலை பஸ்களும் அதே வீதியால்தான் ஓடுகின்றன. தொலைபேசியில் சொல்ல 1958 என்ற இலக்கம் இருக்கிறது. ஆண்டும் இலக்கமும் ஒன்றாக இருப்பதால் மறக்காது.

தனியார் பஸ் என்றால் இன்னொரு கேள்வி: அது மாகாணத்தைத் தாண்டுகிறதா? கிளிநொச்சி–அக்கராயன், யாழ்ப்பாணம்–வவுனியா போன்றவை மாகாணத்துக்குள்ளேயே ஓடுபவை. அவற்றுக்கு வழி அனுமதி கொடுப்பது வடக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை, முறைப்பாடும் அங்கேதான். கொழும்பிலிருந்து வந்து முறிகண்டியில் இறங்கும்போது யாழ்ப்பாணம் வரைக்குமான காசை வாங்கிவிட்டார்களா? அது தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் அலுவல். 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஆணைக்குழு அது, இலக்கம் 1955.

படி 2: நின்ற இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்

பஸ்ஸின் பதிவிலக்கம், திகதி, நேரம், இடம், எந்தப் பக்கம் போனது. இந்த ஐந்தும் இருந்தால் போதும். சாரதியின் பெயர் தேவையில்லை. அந்த நேரத்துக்கு யார் கடமையில் இருந்தார் என்பது சாலைப் பதிவில் இருக்கும். ரிக்கற்றைக் கசக்கி எறியாதீர்கள். ரிக்கற் தரவில்லை என்றால் அதையே முறைப்பாட்டில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். நடத்துநரின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்துப் படமெடுப்பது என் கருத்தில் வீண்வேலை: சண்டைதான் வளரும், விசாரணைக்கு இலக்கத் தகட்டின் படம் போதும்.

சீசன் (பருவச் சீட்டு) வைத்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் இது கடினம். நிற்காத பஸ்ஸில் ரிக்கற் ஏது? பஸ் தாண்டும்போது பின் தகட்டை ஒரு பிள்ளை வாசிக்க, இன்னொரு பிள்ளை கொப்பியில் எழுதட்டும். சீசனுக்கான மானியத்தை அரசு கொடுக்கிறது. ஆகவே சீசன் காட்டுகிற பிள்ளை ஓசிப் பயணி அல்ல என்பதைப் பெற்றோர் தயங்காமல் எழுதலாம்.

படி 3: ஆளின் பிழையா, சேவையின் பிழையா?

மிச்சக்காசு, தூஷண வார்த்தை, கண்மூடித்தனமான ஓட்டம் இவை ஆளின் பிழை. தனி ஒருவர் எழுதினாலே விசாரிக்கலாம். பஸ்ஸே இல்லை, கடைசி பஸ் அடிக்கடி நின்றுபோகிறது என்றால் சாரதியைத் திட்டிப் பயனில்லை. நேர அட்டவணை போடுகிறவர்களிடம்தான் கேட்கவேண்டும். வடக்கில் சபைக்கும் தனியாருக்கும் பொதுவான இணைந்த நேர அட்டவணை என்பதே நெடுநாள் இழுபறி. 2017இல் வவுனியா புதிய பஸ் நிலையம் திறந்தபோதும் அதற்காகத்தான் இரு தரப்பும் முட்டிக்கொண்டன.

இப்படிப்பட்ட குறையைக் கிராம அபிவிருத்திச் சங்கமோ பாடசாலை அதிபரோ கையொப்பங்களுடன் கொடுப்பது நல்லது. பிரதிகளைக் கரைச்சிப் பிரதேச செயலருக்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் அனுப்புங்கள். அந்தக் குழுக் கூட்டத்தில் போக்குவரத்து அதிகாரிகள் நேரில் பதில் சொல்லவேண்டி வரும்.

படி 4: சுருக்கமாக எழுதுங்கள்

ஒரு பக்கம் தாண்டவேண்டாம். இப்படி:

“இன்ன திகதி காலை 6.50 மணிக்கு, ஸ்கந்தபுரம் சந்தியில், கிளிநொச்சி நோக்கிச் சென்ற இன்ன இலக்க பஸ் கை காட்டியும் நிறுத்தவில்லை. சீசன் வைத்திருந்த 11 மாணவர்கள் நின்றார்கள். பஸ்ஸில் இடம் இருந்தது. இங்கே நிறுத்தும்படி அறிவுறுத்தி, எடுத்த நடவடிக்கையை எழுத்தில் அறியத் தரவும்.”

கடைசி வரிதான் முக்கியம். என்ன வேண்டும் என்று கேட்காத கடிதத்துக்கு ‘கவனத்தில் எடுத்தோம்’ என்பதே பதிலாக வரும். கையில் கொடுத்தால் பிரதியில் முத்திரை வாங்குங்கள். தபாலென்றால் பதிவுத் தபால், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

கொழும்புக்கு எழுதினாலும் தமிழிலேயே எழுதலாம். அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் தந்த உரிமை அது. பதில் சிங்களத்தில் மட்டும் வந்தால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு அதையே தனி முறைப்பாடாக அனுப்பலாம்.

உடனே பொலிஸுக்குப் போகவேண்டியவை

பஸ்ஸுக்குள் உடலில் கை வைத்தல், பாலியல் சேட்டை, மிரட்டல் ஆகியவற்றைக் கடிதமெழுதிக் காத்திருக்கும் விஷயமாக எடுக்காதீர்கள். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம். 119க்கு அழையுங்கள், அல்லது அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைப் பதியுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

படி 5: பதில் வரவில்லையா?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள். சாலைக்கும் மாகாண அதிகார சபைக்கும் இது பொருந்தும். தனியார் பஸ் என்றால், முதலாளிக்கு அனுமதி கொடுத்த அதிகார சபையிடம் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. இரண்டு கேள்வி போதும்: என் முறைப்பாட்டில் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்? இந்த வழிக்கு அனுமதித்த நேர அட்டவணையின் பிரதி தருவீர்களா? இரண்டாவது கேள்வியைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். அட்டவணை கையில் இல்லாமல் ‘பஸ் பிந்தியது’ என்றால், எதற்குப் பிந்தியது என்று திருப்பிக் கேட்பார்கள்.

தகவல் அலுவலர் 14 வேலைநாள்களுக்குள் முடிவைச் சொல்லவேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ, அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாள்களுக்குள் மேன்முறையீடு செய்யுங்கள். அங்கும் சரிவராவிட்டால் அடுத்தது கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு.